எண்ணிக்கையும் களமும்: இந்தியாவில் இணையப் பயன்பாடு ஆராயப்பட்ட வரலாறு

2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்தியாவில் எத்தனை பேர் இணையத்தைப் பயன்படுத்தினர்? இந்த எளிய கேள்விக்கு ஏறத்தாழ ஓராண்டு இடைவெளிக்குள் மூன்று விடைகள் பதிவாகியுள்ளன. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) காலாண்டு அறிக்கை, 2018 ஜூன் இறுதியில் நாட்டில் 51.2 கோடி இணையச் சந்தாக்கள் இருந்ததாகக் கூறுகிறது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை வீடுவீடாக விசாரித்து, 23.8 விழுக்காட்டு வீடுகளிலேயே இணைய வசதி இருந்தது எனப் பதிவு செய்கிறது. நகரங்களில் அது 42 விழுக்காடு, ஊரகங்களில் 14.9. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் 2017இன் பிற்பகுதியில் இந்தியாவில் நடத்திய மாதிரி ஆய்வோ, 15 முதல் 65 வயது வரையிலானோரில் 19 விழுக்காட்டினரே இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் என்கிறது.

முதல் எண்ணை ஆள் கணக்காக வாசிப்பவருக்கு, ஏறத்தாழ ஐந்து இந்தியரில் இருவர் இணையத்தில் இருக்கின்றனர். மூன்றாவது எண்ணை வாசிப்பவருக்கு, ஐவரில் ஒருவர்கூட முழுமையாக இல்லை. மூன்றில் எதுவும் பொய்யன்று. டிராய் எண்ணியது சேவை நிறுவனங்கள் வழங்கிய இணைப்புகளை. தேசிய மாதிரி ஆய்வு எண்ணியது வீடுகளை. லேர்ன்ஏசியா எண்ணியது தனி மனிதர்களின் விடைகளை. ‘இணையப் பயன்பாடு’ என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு மேல் போர்த்தப்பட்டிருந்தது. அந்தப் போர்வையை விலக்கிப் பார்க்க அளவுசார் ஆய்வு மட்டும் போதவில்லை. பண்புசார் ஆய்வு தனியாகவும் போதவில்லை. இந்திய ஆய்வுலகில் இவ்விரு வழிகளும் எவ்வாறு பிரிந்தன, இணைய ஆய்வில் எந்த இடங்களில் ஒன்றுக்கொன்று தேவைப்பட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இணையத்திற்கு முந்தைய வழக்கு

இந்த வழக்கு இணையத்தோடு தோன்றியதன்று. 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி.சி. மகலனோபிசின் வழிகாட்டுதலில் 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டது. பரந்த நாடு ஒன்றின் வாழ்நிலையை, முறையாகத் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் வீடுகளின் வழியாக மதிப்பிட முடியும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. ஏறத்தாழ அதே காலத்தில், 1948இல், எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதியின் ராம்புரா என்னும் சிற்றூரில் தங்கிக் களஆய்வு செய்தார். ஏட்டு நோக்கு, கள நோக்கு என அவர் பிரித்துப் பேசியது பிற்கால இந்தியச் சமூகவியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாயிற்று. ஏடுகள் சொல்லும் சாதி வேறு, ஊரில் நடக்கும் சாதி வேறு என்பதை அவர் ஊரில் இருந்துதான் கண்டார்.

இருவரையும் எதிரெதிர் முகாம்களாக நிறுத்துவது எளிது. ஆனால் அது வரலாற்றுக்கு நியாயமாகாது. கணக்கெடுப்பவர் மாறினால் விடையும் மாறக்கூடும் என்பதை மகலனோபிஸ் நன்கறிந்திருந்தார். ஒரே பகுதிக்குத் தனித்தனி மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு கணக்கெடுப்புக் குழுக்களிடம் ஒப்படைத்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஊடுருவு மாதிரி முறையை அவர் வகுத்தது அதனால்தான். மறுபுறம், களஆய்வின் வலிமையையும் எளிதில் சிதையும் தன்மையையும் சீனிவாசின் வாழ்வே காட்டியது. 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் நிகழ்ந்த தீவைப்பில் அவர் வகைப்படுத்தி எழுதிவைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் அழிந்தன. நினைவைப் பெரிதும் நம்பி அவர் எழுதிய ‘நினைவில் நிற்கும் கிராமம்’ என்னும் பொருள்தரும் ஆங்கில நூல் 1976இல் வெளிவந்தது. ஊரோடு வாழ்ந்தவருக்கு மட்டுமே அத்தகைய நூல் கைகூடும். அதே வேளையில், வேறொருவர் அந்தத் தரவை எடுத்து மீண்டும் சரிபார்க்க வழியில்லை என்ற குறையும் அதில் உண்டு.

1980களில் இந்த இரு மரபினரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியதன் விளைவாக, பிரணாப் பர்தன் தொகுத்த நூல் 1989இல் வெளியானது. பெருமாதிரி ஆய்வு செய்யும் பொருளியலாளரும் ஊரில் தங்கும் மானிடவியலாளரும் வேலை, கடன், வறுமை ஆகியவற்றை எவ்வாறு அளக்கின்றனர் என்பதே அதன் மையம். ‘வேலை’ என்ற சொல்லால் ஆய்வாளர் கருதுவதையும் விடையளிக்கும் பெண் கருதுவதையும் ஒன்றெனக் கொள்ள முடியாது என்ற சிக்கலை அத்தலைமுறை நேரடியாகச் சந்தித்தது. ‘இணையம்’ என்ற சொல்லுக்கும் அதே கதி நேர்ந்தது.

இணைப்பை எண்ணியவர்கள்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் பெரும்பாலான கணிப்புகள் சந்தாக்களின் எண்ணிக்கையையே பற்றி நின்றன. நிறுவனங்களின் பதிவேட்டிலேயே கிடைக்கும் எண் அது. ஆனால் அக்காலத்தில் நகரங்களிலும் சிறுநகரங்களிலும் பலருக்கு இணையம் என்பது கணினி மையங்களின் மரத்தடுப்புகளுக்கு நடுவே மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பெற்ற ஒன்று. தேர்வு முடிவு பார்க்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் விண்ணப்பம் நிரப்பவும் நூறு பேர் வந்துபோகும் மையம் பதிவேட்டில் ஓர் இணைப்பாகவே இருந்தது. சந்தாக் கணக்கு, பயன்படுத்துவோரைக் குறைத்துக் காட்டியது.

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழாயிற்று. இரு சிம் அட்டைகள் பொருந்தும் கைப்பேசிகள் பரவலாயின. ஒருவரே இரண்டு நிறுவனங்களின் சந்தாதாரராக இருப்பது இயல்பாயிற்று. இப்போது அதே சந்தாக் கணக்கு, பயன்படுத்துவோரைக் கூட்டிக் காட்டத் தொடங்கியது. அளவுகோல் மாறவில்லை, அளக்கப்பட்ட வாழ்க்கை மாறியது. இருபது ஆண்டுத் தொடர்வரிசை ஒன்றை வரைபடமாக்கி, ஏறுமுகக் கோட்டை மட்டும் காட்டும் ஆய்வேடு இந்த மாற்றத்தைத் தவறவிட்டுவிடுகிறது. கோட்டின் தொடக்கத்தில் ஒரு புள்ளி பலரைக் குறித்தது. முடிவில் இரு புள்ளிகள் ஒருவரைக் குறிக்கக்கூடும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் இன்னொரு பாடத்தைத் தருகிறது. அதில் இணையம் பற்றிய கேள்வி கணினிக்குள் அடங்கியிருந்தது: வீட்டில் கணினி அல்லது மடிக்கணினி உண்டா, இருந்தால் அது இணைய வசதியுடனா, இல்லாமலா? இணையத்துடன் கூடிய கணினி 3.1 விழுக்காட்டு வீடுகளில் இருந்தது. இணையமில்லாக் கணினி 6.3 விழுக்காட்டு வீடுகளில். அதே கணக்கெடுப்பில் 63.2 விழுக்காட்டு வீடுகளில் தொலைபேசி இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை கைப்பேசி மட்டுமே கொண்டவை. இணையம் கணினி வழியாகவே வீட்டுக்குள் வரும் என்ற முன்முடிவு வினாநிரலின் அமைப்பிலேயே இருந்ததால், கைப்பேசி வழியாக நுழைந்துகொண்டிருந்த இணையம் அந்தக் கட்டங்களில் விழவில்லை. கணக்கெடுத்தவர்கள் பிழை செய்யவில்லை. கேள்வி எழுதப்பட்ட காலத்தின் கற்பனையே எண்ணின் எல்லையாயிற்று.

கேட்டறிந்தவர்கள்

லேர்ன்ஏசியா ஆய்வாளர்கள் இந்தோனேசியாவில் எதிர்கொண்ட ஒரு முரண் இத்துறையில் பலமுறை எடுத்தாளப்படுவது. மாதிரி ஆய்வில் ‘இணையம் பயன்படுத்துவதில்லை’ என்று பலர் விடையளித்தனர். குழு உரையாடல்களிலோ, பேஸ்புக்கில் எவ்வளவு நேரம் செலவிடுகிறோம் என்று மக்கள் உற்சாகமாகப் பேசினர். தரவை மீண்டும் நோக்கியபோது, பேஸ்புக் பயன்படுத்துவதாகச் சொன்னோரின் எண்ணிக்கை இணையம் பயன்படுத்துவதாகச் சொன்னோரின் எண்ணிக்கையை விஞ்சியிருந்தது. ரோகன் சமரஜீவ 2012இல் இதை எழுதினார். விடையளித்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அகராதியில் பேஸ்புக் என்பது பேஸ்புக், இணையம் என்பது வேறு ஏதோ ஒன்று.

இந்நிகழ்வில் முறையியல் மாணவர் கவனிக்க வேண்டியது வரிசையை. பிழையை வெளிப்படுத்தியது உரையாடல். அப்பிழை ஓரிருவரின் குழப்பமன்று, பரவலானது என்று நிறுவியது எண்ணிக்கை. செயலிகளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற திருத்தம் மீண்டும் வினாநிரலுக்கே சென்றது. உரையாடல் மட்டும் நடந்திருந்தால் அது ஒரு சுவையான செய்தியாக நின்றிருக்கும். மாதிரி ஆய்வு மட்டும் நடந்திருந்தால் குறைவான ஒரு எண், ஐயத்துக்கு இடமின்றி அச்சேறியிருக்கும்.

‘பயன்படுத்துபவர்’ என்ற சொல்லையும் களஆய்வு இவ்வாறே தளர்த்தியது. நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் செய்த ஆய்வை முன்வைத்து 2010இல் ‘இடையாள் வழிப் பயன்பாடு’ என்ற கருத்தை வளர்த்தனர். எழுத்தறிவோ கருவியோ இல்லாத ஒருவர், அவை உள்ள ஒருவர் வழியாகத் தொழில்நுட்பத்தின் பயனைப் பெறுகிறார். விசையைத் தொடுபவர் மட்டுமே பயனர் என்று கொண்டால், பேரனிடம் சொல்லிப் படம் அனுப்பச் செய்யும் பாட்டி எந்தக் கட்டத்திலும் வரமாட்டார். அவரைச் சேர்த்தால் பயனர் எண்ணிக்கை உயரும். ஆனால் பேரன் ஊருக்குச் சென்றுவிட்ட நாளில் அவருக்கு இணையம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இதற்கு ஒரு சான்று உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டேனியல் மில்லர் தலைமையில் ஒன்பது களங்களில் நடந்த சமூக ஊடக ஆய்வின் பகுதியாக, ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னையை அடுத்த சிற்றூர்த் தொகுதி ஒன்றில் தங்கினார். அதற்குப் ‘பஞ்சகிராமி’ என்று புனைபெயர் இட்டார். தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்த இடம் அது. பழைய ஊரும் புதிய அடுக்ககமும் அருகருகே நின்றன. 2017இல் வெளியான அவருடைய நூல், சாதி, வகுப்பு, உறவுமுறை, பாலினம் ஆகியவை சமூக ஊடகத்திற்குள்ளும் தொடர்வதை விரிவாகக் காட்டுகிறது. இளம்பெண்ணின் கையில் கைப்பேசி இருக்கலாமா என்பதைக் குடும்பம் தீர்மானிக்கும் விதம் அதில் முக்கியமான பகுதி. அந்த ஒன்பது கள ஆய்வாளர்களும் தங்கள் களங்களில் வினாநிரல் கொண்டும் விடைகளைத் திரட்டினர் என்பது குறிப்பிடத்தக்கது. ஒப்பீட்டு நூலில் அந்த எண்களை வெளியிட்டபோது, களத்தின் விளக்கமின்றி அவற்றைத் தனியே வாசிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் உடன் வைத்தனர்.

ஒரே கரை, இரு ஆய்வுகள்

இரு வழிகளையும் ஒரே நிலத்தில் வைத்து ஒப்பிட விரும்புவோருக்கு, கைப்பேசியில் இணையம் பரவுவதற்கு முந்தைய ஒரு நிகழ்வு உதவும். 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரையில் கைப்பேசிச் சேவை படிப்படியாக வந்தது. ராபர்ட் ஜென்சன் அங்கிருந்த மத்தி மீன் சந்தைகளின் விலையை வாரந்தோறும் திரட்டி 2007இல் வெளியிட்ட கட்டுரை, உலகெங்கும் மேற்கோளாயிற்று. சந்தைக்குச் சந்தை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. விற்காமல் வீணாகும் மீன் ஏறத்தாழ இல்லாமற்போனது. மீனவரின் ஆதாயம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. சேவை ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு காலத்தில் வந்ததைப் பயன்படுத்திக் காரணத் தொடர்பை நிறுவிய அவருடைய முறை இன்றும் வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகிறது.

பின்னர் ஜானகி சீனிவாசனும் ஜென்னா பர்ரெலும் கேரளக் கரையில் களஆய்வு செய்து, 2013இல் அக்கதையை மீள்நோக்கினர். எல்லா மீனவரும் கடலிலிருந்தே விலை விசாரித்து, அதிக விலை கிடைக்கும் கரைக்குக் கலத்தைத் திருப்பும் தனி வணிகர்களாக அவர்களுக்குத் தெரியவில்லை. கலத்தின் வகை, எந்தக் கரையில் இறங்க முடியும் என்பது, ஏலக்காரருடன் உள்ள நெடுநாள் உறவு ஆகியவை அந்த முடிவில் பங்கேற்றன. கைப்பேசி சிலருக்குச் சந்தையைத் தேர்ந்தெடுக்கும் கருவி. பலருக்கு வேறு பயன்களுக்கான கருவி.

இரண்டாவது ஆய்வு முதலாவதைப் பொய்யாக்கிவிட்டதாகச் சிலர் எழுதுவதுண்டு. விலை வேறுபாடு சுருங்கியது என்ற முடிவை அது மறுக்கவில்லை. அந்த மாற்றம் யார் வழியாக, எந்த ஏற்பாடுகளின் துணையோடு நிகழ்ந்தது என்பதைக் கேட்டது. இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல், ‘கைப்பேசி கொடுத்தால் ஆதாயம் உயரும்’ என்ற பாடத்தை வேறொரு கரைக்கோ வேறொரு விளைபொருளுக்கோ எடுத்துச் செல்வது துணிச்சலாகவே இருக்கும்.

எண்ணின் பக்கத்தில் நிற்பவர்

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, பெண்களிடமும் ஆண்களிடமும் தனித்தனியாக, எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியதுண்டா என்று கேட்டது. பெண்களில் 33.3 விழுக்காட்டினரும் ஆண்களில் 57.1 விழுக்காட்டினரும் ஆம் என்றனர். ஊரகப் பெண்களில் அது 24.6 விழுக்காடு, நகர ஆண்களில் 72.5. வீட்டை அலகாகக் கொண்ட எந்தக் கணக்கும் வெளிப்படுத்த முடியாத பிளவு இது. ஒரே கூரையின் கீழ் அண்ணனுக்கு இருக்கும் இணையம் தங்கைக்கு இல்லை என்பதைக் களஆய்வாளர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தனர். நாடு முழுவதற்கும் அதன் பரப்பை நிறுவியது இந்தப் பெருமாதிரி ஆய்வு. இங்கே அளவுசார் முறைக்கு மாற்று இல்லை.

ஆனால் ‘எப்போதேனும்’ என்ற சொல், அன்றாடம் பயன்படுத்துபவரையும் ஒருமுறை காணொளி பார்த்தவரையும் ஒரே கட்டத்தில் வைக்கிறது. சாம்பசிவன் குழுவினர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளில் 199 பெண்களிடம் பேசி 2018இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கட்டத்தின் உட்புறத்தைக் காட்டுகிறது. கைப்பேசியைக் குடும்பத்தினர் வாங்கிப் பார்ப்பது இயல்பாக இருந்த சூழலில், அப்பெண்கள் செயலிகளுக்குப் பூட்டிட்டனர், செய்திகளை அழித்தனர், தடம் பதியாத முறையில் தேடினர். மாமியார் அருகில் நிற்க, கணக்கெடுப்பவரிடம் அத்தகைய ஒருவர் என்ன விடை சொல்வார் என்பது எந்த வினாநிரலுக்கும் எளிய கேள்வியன்று. எனினும் 199 பேரின் சொற்களைக் கொண்டு கோடிக்கணக்கான பெண்களைப் பற்றி விழுக்காடு சொல்ல முடியாது. அந்த ஆய்வும் அவ்வாறு சொல்லவில்லை.

2021: எண்ணை நம்பி எடுத்த முடிவு

இந்த முறையியல் வேறுபாடு வகுப்பறைக்கு வெளியே உயிரோடு விளையாடியது 2021 மே மாதத்தில். மே 1 முதல் 18–44 வயதினருக்குத் தடுப்பூசி திறக்கப்பட்டபோது, கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நாட்டின் சந்தாக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு அது இயலக்கூடிய ஏற்பாடாகத் தோன்றியிருக்கும். ஒரு கைப்பேசி எண்ணில் நால்வர் வரை பதியலாம் என்ற விதி, எண்ணும் ஆளும் ஒன்றல்ல என்பதை ஓரளவு ஒப்புக்கொண்டது. ஆனால் ‘பயன்பாடு’ என்பது அந்த நொடியில் எதைக் கோரியது? ஓ.டி.பி. வரும் கைப்பேசி தன் கையில் இருக்க வேண்டும். அன்று ஆங்கிலத்தில் மட்டுமே இருந்த தளத்தை வாசிக்க வேண்டும். இடங்கள் திறந்து சில நிமிடங்களில் நிரம்பிவிடும்போது, வேலையை விட்டுத் திரையின் முன் இருக்க வேண்டும். காணொளி பார்ப்பவர், குரல்செய்தி அனுப்புபவர் எல்லோரும் கணக்கில் இணையப் பயனரே. இந்த மூன்றையும் செய்யக்கூடியவர் அவர்களுள் ஒரு பகுதியினர் மட்டுமே.

அம்மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்த வழக்கின் ஆணையில் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று எண்களையும் டிராய் எண்களையும் சுட்டி, இணையவழிப் பதிவை மட்டுமே நம்பினால் விளிம்புநிலை மக்கள் விடுபடுவார்கள் என்று நீதிபதிகள் கவலை தெரிவித்தனர். அதற்குச் சற்று முன்னர், மே 24 அன்றே, அரசு மையங்களில் 18–44 வயதினருக்கு நேரடிப் பதிவு அனுமதிக்கப்பட்டிருந்தது. ஜூனில் தளம் இந்தியிலும் பிற இந்திய மொழிகளிலும் கிடைக்கலாயிற்று. நீதிமன்றத்தின் முன் வைக்கத்தக்க சான்றாக இருந்தவை எண்கள். அந்த எண்களில் எது இந்தக் கேள்விக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதைத் தெரிவு செய்யத் தேவைப்பட்டதோ, பதிவு செய்ய முயன்று தோற்றவரின் அனுபவத்தை அறிந்த அறிவு.

ஆய்வு மாணவருக்கு இவ்வரலாறு தரும் பயிற்சி இருபுறத்திற்கும் பொதுவானது. விழுக்காடு ஒன்றை மேற்கோள் காட்டும்போது, எண்ணப்பட்டது இணைப்பா, வீடா, ஆளா. விடை சொன்னவர் தமக்காகச் சொன்னாரா, வீட்டாருக்காகச் சொன்னாரா. கேள்வியில் இருந்த சொல் அவருடைய சொல்லா என்று கேட்க வேண்டும். களத்திலிருந்து ஒரு கூற்றை மேற்கோள் காட்டும்போது, அவரைச் சந்திக்க வழிகாட்டியவர் யார், சந்திக்க இயலாமற்போனவர்கள் யார், இவரைப் போன்றோர் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று அதே கண்டிப்புடன் கேட்க வேண்டும். ‘கலப்பு முறை’ என்ற பெயரில் ஒரு வினாநிரலையும் பத்து நேர்காணல்களையும் ஒரே ஆய்வேட்டில் அடுத்தடுத்த இயல்களாக அடுக்குவதால் இந்த வேலை முடிந்துவிடாது. நேர்காணலில் கேட்ட சொல் வினாநிரலைத் திருத்தியதா, வினாநிரலில் தெரிந்த இடைவெளி அடுத்த நேர்காணலுக்கு யாரைத் தேடச் சொன்னது என்பதை ஆய்வேடு காட்ட வேண்டும்.

2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் கேள்விகளில், ‘இணைய வசதி’ கணினியிலிருந்து பிரிந்து தனிக் கேள்வியாயிற்று. தொலைபேசி பற்றிய கேள்வியில் திறன்பேசியும் இடம்பெற்றது. 2011இன் குறை ஒன்று இவ்வாறு நீங்குகிறது. ஆயினும் கேள்வி இன்னும் வீட்டை நோக்கியே கேட்கப்படுகிறது. அந்த வீட்டில் திறன்பேசி யார் கையில் இருக்கிறது, எந்த நேரத்தில் யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை அறிய, கணக்கெடுப்பவர் சென்ற பிறகும் ஒருவர் அந்த வாசலில் சிறிது நேரம் அமர வேண்டியிருக்கிறது.